பொறுமை யாருடைய குணம்? மூன்று கிறிஸ்தவ உருவகக் கதைகள் பற்றிய ஒரு நோக்கு

1

தமிழிற் கிறிஸ்தவ இலக்கியம் பற்றி இதுகாறும் வெளிவந்த எழுத்துக்கள் பெரும்பாலும் இரு திறப்பட்டனவாக உள்ளன. ஒரு சாரார் கிறிஸ்தவர் ஆற்றிய தமிழ்த் தொண்டினைப் பட்டியற்படுத்திப் பாராட்டுவதுடன் அமைந்து விடுகின்றனர். மறுசாரார், அதாவது முற்போக்கு விமர்சகர் எனப்படும் நம்மவருட் பலர், அவ்விலக்கியத்தைக் காலனித்துவ ஆட்சியின் கருத்தியற் கருவி என ஒரே சொல்லில் வகைப்படுத்தி ஒதுக்கி விடுகின்றனர். முதலாவது நோக்கு பக்தியின் பாற்பட்டது. இரண்டாவது நோக்கு சோம்பலின் பாற்பட்டது. இரண்டுமே ஒரு வினாவை எழுப்பத் தவறின. பொறுமை, தாழ்மை, உண்மை, தயை முதலாய குணங்களைக் கிறிஸ்தவ நூல்கள் இடையறாது வற்புறுத்துகின்றன. ஆயின், அக்குணங்கள் எவ்விடத்தில், எவ்வேலைக்கிடையில், எவர் முன்னிலையிற் கைக்கொள்ளப்பட வேண்டியனவாகக் காட்டப்படுகின்றன என்பதே அவ்வினா.

குணங்கள் ஆகாயத்தில் நிற்பனவல்ல. தொழிற்களத்திலும் சந்தையிலும் அடுக்களையிலும் நீதிமன்றத்திலும் அவை செயற்படுகின்றன. கூலி பெறுபவனின் பொறுமையும் கூலி கொடுப்பவனின் பொறுமையும் பெயரால் ஒன்றாயினும் பொருளால் ஒன்றாகா. இக்கட்டுரையில் நாம் மூன்று உருவகக் கதைகளை எடுத்துக்கொள்கிறோம். ஒன்று, ஜோன் பனியன் இயற்றிய 'மோட்சப் பயணம்' (முதற் பாகம் 1678, இரண்டாம் பாகம் 1684). மற்றொன்று, ஹன்னா மோர் எழுதி, 1856இல் 'காவலப்பன் கதை' என யாழ்ப்பாணத்திலே தமிழாக்கமாக வெளிவந்த சிறுகதை. மூன்றாவது, பனியனின் நூலைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை பாடி 1894இல் நூலுருப்பெற்ற 'இரட்சணிய யாத்திரிகம்'. மூன்றும் புரட்டஸ்தாந்து மரபின. மூன்றும் ஆன்மாவின் காப்பையும் ஈடேற்றத்தையும் பொருளாகக் கொண்டன. ஆயினும் மூன்றிலும் நற்குணம் மூன்று வேறுபட்ட சமூக நிலைகளில் நின்று பேசுகின்றது என்பதே நமது கருத்து.

2

பனியன் (1628-1688) ஊரூராகச் சென்று உலோகப் பாத்திரங்களின் ஓட்டை அடைக்கும் தொழிலாளி. அவ்வாறான ஒருவரின் மகன். ஆங்கில உள்நாட்டுப் போரின்போது பாராளுமன்றப் படையிற் பணிபுரிந்தவர். முடியாட்சி மீண்ட 1660ஆம் ஆண்டிலே, அரச திருச்சபையின் அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்திற்காகக் கைதானார். பிரசங்கிப்பதைக் கைவிடுவதாக வாக்களித்திருப்பின் அவர் விடுதலை பெற்றிருக்கலாம். அவர் அவ்வாறு வாக்களிக்கவில்லை. பெட்போர்ட் சிறையிற் பன்னிரண்டு ஆண்டுகளைக் கழித்தார். பார்வையற்ற மகள் ஒருத்தியையும் உள்ளிட்ட குடும்பத்தைக் காக்கும் பொருட்டுச் சிறைக்குள்ளே நாடாக்களுக்கு உலோக நுனி பொருத்தி விற்றார். 1661இல் அவர் மனைவி எலிசபெத் நீதிபதிகளின் முன் நின்று கணவருக்காக வாதாடியபோது, அவர் பாத்திரம் அடைப்பவர் என்பதாலும் ஏழை என்பதாலுமே இகழப்பட்டு நீதி மறுக்கப்படுகிறார் என்று கூறியமை பதிவாகியுள்ளது.

பனியனின் பொறுமையை இவ்வாழ்க்கையிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. அது அதிகாரத்துக்கு அடங்கிப்போகும் பொறுமை அன்று. அதிகாரம் கேட்ட ஒரு சொல்லைக் கொடுக்க மறுத்து, அம்மறுப்பின் விலையை நாள்தோறும் செலுத்திய பொறுமை. ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கம் பற்றி 1963இல் எழுதிய ஈ. பி. தொம்சன், 'மோட்சப் பயண'த்தையும் தோமஸ் பெயினின் 'மனித உரிமைக'ளையும் தொழிலாளர் இயக்கத்தின் இரு அடிப்படை நூல்களாகக் கருதியமைக்குக் காரணம் இதுவேயாம்.

3

நூலினுட் புகுவோம். பாத்திரப் பெயர்களைப் பொருள் விளங்கத் தமிழிலே தருகின்றோம்.

கிறிஸ்தியானும் விசுவாசியும் வழியில் வாயாடி என்பவனைச் சந்திக்கின்றனர். வேதம், கிருபை, மறுபிறப்பு என எதைப் பற்றியும் சரளமாகப் பேச வல்லவன் அவன். விசுவாசி அவன் பேச்சில் மயங்குகின்றான். கிறிஸ்தியானோ அவனது ஊரவன். அவனை மறுக்கும் பொருட்டுக் கிறிஸ்தியான் இறையியல் வாதம் எதனையும் தொடுக்கவில்லை. அவன் வீட்டாரிடமும் வேலையாட்களிடமும் அவனோடு கொடுக்கல் வாங்கல் செய்தவரிடமும் கேட்டுப் பார்க்குமாறு கூறுகின்றான். வெளியிற் புனிதனாகவும் வீட்டிற் பேயாகவும் விளங்குபவன் என அயலார் அவனை அறிவர். வேலையாட்களை ஏசுபவன், வியாபாரத்தில் ஏமாற்றுபவன். சமயத்தின் உயிர் நடைமுறையிலேயே உள்ளது என்பதும், இறுதித் தீர்ப்பு நாளிற் பேசினாயா என்றன்றிச் செய்தாயா என்றே வினவப்படும் என்பதும் கிறிஸ்தியான் வாயிலாகப் பனியன் நிலைநாட்டும் முடிபுகள். இங்கு சாட்சி கூறத் தகுதி பெற்றவர் யாவர் என்பது கவனிக்கத்தக்கது. ஒருவனது ஆன்ம நிலைக்கு அவனுடைய வேலைக்காரன் சாட்சியாகின்றான். பதினேழாம் நூற்றாண்டின் படிநிலைச் சமூகத்தில் இது சாதாரணமான செய்தியன்று.

மாயச் சந்தைப் பகுதி பலரும் அறிந்தது. அங்கே வீடு, காணி, பதவி, பட்டம், நாடு, இராச்சியம் என யாவும் விலைப்படுகின்றன. யாத்திரிகர் வேற்றுடை உடுத்து வேற்றுமொழி பேசி, சந்தைப் பொருளை வாங்க மறுப்பதே அவர்களது குற்றமாகின்றது. நன்மைப்பகைப் பிரபு என்பான் நீதிபதியாக வீற்றிருக்க, விசுவாசி மீது சுமத்தப்படும் குற்றங்களில் ஒன்று, ஊரின் பெருமக்களை இழித்துரைத்தமை. அப்பெருமக்களின் பெயர்களுள் ஒன்று 'பேராசைப் பிரபு' எனப் பொருள்படுவது. விசுவாசி கொளுத்தப்படுகின்றான். தாம் நின்ற நீதிமன்றத்தையே பனியன் இங்கு மீண்டும் வரைகின்றார் என்பதை உணர்தல் அரிதன்று. அவ்வாறே, யாத்திரிகர் தமது நிலத்தில் அத்துமீறிக் காலடி வைத்தனர் என்று கூறியே அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவர்களைக் கோட்டையிற் சிறையிடுகின்றான். இங்கு ஆன்மாவின் சோர்வு ஒரு நிலவுடைமையாளனின் உருவிலே தோன்றுகின்றது.

இரண்டாம் பாகத்தில் வரும் ஒரு சிறு நிகழ்ச்சி நமது பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. இரக்கம் என்னும் பெண் ஓயாது ஆடை தைத்த வண்ணம் இருக்கின்றாள். அவளை மணக்க விரும்பி வரும் மிடுக்கர் என்பான், இத்துணை உழைப்பாளியான பெண் நல்ல வருவாய் ஈட்டித் தருவாள் எனக் கணக்கிடுகின்றான். தைத்த ஆடைகளை அவள் ஏழைகளுக்கு வழங்குவதாக அறிந்ததும் அவனது காதல் தணிந்து விடுகின்றது. பெண் அழகியே, ஆனாற் பொல்லாத பழக்கம் உடையவள் என்பது அவனது தீர்ப்பு. நற்குணம், மூலதனத்தின் கண்ணுக்குத் தீக்குணமாகத் தெரிவதைப் பனியன் நகைச்சுவையோடு காட்டி விடுகின்றார்.

1680இல் அவர் எழுதிய 'திருவாளர் தீயரின் வாழ்வும் சாவும்' என்ற நூல் இதனை மேலும் விரிக்கின்றது. கள்ள நிறையும் கள்ள அளவையும், கடன் கொடுத்தோரை வஞ்சிக்கும் பொய் முறிவும், ஏழைகளிடம் மிகை விலை பறித்தலும் அங்கே பாவங்களாக வகுத்துரைக்கப்படுகின்றன. இயன்ற அளவு அதிக விலைக்கு விற்பது வியாபாரியின் உரிமை என்ற வாதத்தை நூல் நேர்முகமாக மறுக்கின்றது. முதலாளித்துவச் சந்தை தனது நியாயங்களை நிறுவிக்கொண்டிருந்த காலத்தில், அதற்கு முற்பட்ட ஒழுக்கவியலின் குரல் இங்கு ஒலிப்பதை ஆர். எச். டோனி 1926இலேயே சுட்டிக்காட்டினார்.

பனியனின் வரையறைகளையும் கூறுதல் வேண்டும். முதற்பாகத்திற் கிறிஸ்தியான் மனைவி மக்களைக் கைவிட்டுக் காதுகளைப் பொத்திக்கொண்டு ஓடுகின்றான். ஈடேற்றம் அங்கே தனிமனிதனின் ஓட்டமாகவே உள்ளது. இரண்டாம் பாகத்திற் பெண்களும் குழந்தைகளும் நலிந்தோரும் கூட்டமாக வழி நடப்பது அக்குறையை ஓரளவு நிரப்புகின்றது. ஆயினும் சந்தையை மாற்றியமைத்தல் அவரது கற்பனைக்கு எட்டவில்லை. சந்தையைக் கடந்து செல்லுதலே எட்டியது.

4

பனியன் மறைந்து ஒரு நூற்றாண்டு கழிந்தபின் இதே குணங்கள் வேறொரு கையிற் சேர்ந்தன. பிரெஞ்சுப் புரட்சியை ஆதரித்து 1791-92இல் வெளிவந்த பெயினின் 'மனித உரிமைகள்' ஆங்கிலப் பட்டறைகளிலும் குடிசைகளிலும் வாசிக்கப்பட்டபோது, ஆளும் வர்க்கம் அஞ்சியது. அவ்வச்சத்திற்கு விடையாக ஹன்னா மோர் 1795 தொடக்கம் 1798 வரை மலிவுப் பிரசுரங்களை வெளியிட்டார். ஓராண்டுக்குள் இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் பரவின. செல்வரும் குருமாரும் வாங்கி ஏழைகளுக்கு வழங்கியமையும் அப்பரவலுக்கு ஒரு காரணம் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. வறுமையிலே மனநிறைவு காணும் இடையன் ஒருவனது கதை அவற்றுட் புகழ் பெற்றது. பொறுமையும் மனநிறைவும் அன்றாட வாழ்வின் குணங்களாகவே அங்கும் போதிக்கப்படுகின்றன. ஆயின் அவற்றைப் போதிப்பவர் வேறு. கைக்கொள்ள வேண்டியவர் வேறு.

வாயிற்காவலன் கதை இவரது ஆக்கமே. காட்டின் நடுவே ஒரு கனவானின் மாளிகை. வெளியே கொள்ளையர். ஊரில் இல்லாத எசமான் தனது கட்டளைகள் அடங்கிய நூலொன்றை வேலையாட்களுக்கு விட்டுச் சென்றிருக்கிறார். வாயிற்காவலனோ பேச்சில் விருப்பும் புதினங்களில் ஆவலும் உடையவன். முகத்துதி கூறும் கொள்ளையன் ஒருவனுக்கு இரவிற் கதவைத் திறந்து விடுகின்றான். மாளிகை அழிகின்றது, அவனும் மடிகின்றான். மாளிகை மனித உள்ளம், எசமான் இறைவன், கொள்ளையர் சோதனைகள் என்பது உருவகப் பொருள். அப்பொருளளவிற் கதையிற் குறை காண்பதற்கில்லை. எனினும் ஆன்மாவுக்கு எவ்வுருவம் தெரிந்தெடுக்கப்பட்டது என்பதிலேயே கருத்தியல் வெளிப்படுகின்றது. பனியனில் ஆன்மா வழிநடப்பவன், கேள்வி கேட்பவன், தீர்ப்பை எதிர்த்து நிற்பவன். இங்கு ஆன்மா ஒரு வேலைக்காரன். அவனது முதன்மையான நற்குணம் வெளியாரின் பேச்சைக் கேளாதிருத்தல். வெளியாரின் பேச்சு எதுவாயிருத்தல் கூடும் என்பதை 1790களின் வாசகர் அறிவர்.

இக்கதையே 'காவலப்பன் கதை'யாக 1856இல் யாழ்ப்பாணத்தை அடைந்தது. ஈழத்துப் புனைகதை வரலாற்றிற் காலத்தால் முற்பட்ட முயற்சி என்ற முறையில் இதனை நமது வரலாற்றாசிரியர் பலர் குறிப்பிட்டுள்ளனர். அது வந்து சேர்ந்த சமூகத்தைப் பற்றி அதிகம் பேசியதில்லை. அமெரிக்க மிசன் 1816இல் இங்கு வந்தது. 1823இல் வட்டுக்கோட்டையிற் செமினரியை நிறுவியது. 1855இல் அது மூடப்பட்டது. இம்மிசன் கல்வியின் வழி எழுத்தறிவும் உத்தியோகமும் பெற்ற சிறு வகுப்பினரே கதையின் வாசகராதல் கூடும். இவர்களது வீடுகளிலும் வளவுகளிலும் உழைத்தோர் யாவர்? தேசவழமை அடிமைகளைப் பற்றித் தனியே விதி வகுத்த நூல். இலங்கையில் அடிமை முறை சட்டப்படி முற்றாக நீக்கப்பட்டது 1844ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தினாலேயாகும். அஃதாவது, சட்டம் அடிமையை விடுவித்துப் பன்னிரண்டே ஆண்டுகளில், எசமானின் கதவைக் காக்கும் விசுவாசமே ஆன்மாவின் நற்குணம் என்னும் கதை அச்சேறியது. இதனைத் திட்டமிட்ட சதி என நாம் கூறவில்லை. பொருந்தி வந்தது என்கிறோம். கருத்தியல் பெரும்பாலும் சதியினால் அன்றிப் பொருத்தத்தினாலேயே வாழ்கின்றது.

5

கிருஷ்ணபிள்ளையின் (1827-1900) நிலை இவ்விரண்டிலும் வேறானது. திருநெல்வேலிக் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்திற் பிறந்து, இலக்கண இலக்கியங்களை முறையாகக் கற்று, சாயர்புரத்திலே தமிழாசிரியராகப் பணியாற்றி, 1858இற் கிறிஸ்தவரானவர். பனியனின் உரைநடைக் கதையை ஆதி, குமார, நிதான, ஆரணிய, இரட்சணிய பருவங்கள் என ஐந்தாக வகுத்து, 3,700க்கு மேற்பட்ட செய்யுட்களிற் காப்பியமாக்கினார். கம்பனின் யாப்பும் நடையும் அதன் மூச்சாக உள்ளன. இடையிடையே தேவாரப் பதிகங்களின் சாயலிற் பக்திப் பாடல்கள் அமைகின்றன.

இம்மாற்றத்தின் சமூகப் பொருள் யாது? பனியனின் நூல் பட்டறையிலும் சந்தையிலும் வழங்கிய பேச்சு மொழியையும் விவிலிய மொழியையும் கொண்டு ஆக்கப்பட்டது. பாத்திரப் பெயர்களே ஊர்ப் பட்டப்பெயர்கள் போன்றவை. காப்பியத்திலோ கதை அரசன், அரச குமாரன், கலகம் செய்த குடிகள் என்னும் சட்டகத்துள் அமைகின்றது. நாடும் நகரும் காப்பிய மரபின் நாடும் நகருமாகின்றன. அக்காலத் திருநெல்வேலித் திருச்சபையின் பெரும்பகுதியினர் பனையேறும் நாடார்களும் ஏனைய ஒடுக்கப்பட்ட மக்களுமேயாவர். துன்புறுத்தலுக்குத் தப்பி வந்தோர் குடியேறுவதற்கென 1799இல் முதலூர் உருவாயிற்று. ஊரை விட்டு ஓடிய உண்மையான யாத்திரிகர் கவிஞரின் கண்ணெதிரே இருந்தனர். அவர்களது பனந்தோப்பும் கருப்பட்டியும் காப்பியத்தின் உலகில் இடம் பெறவில்லை. வாசிக்கத் தெரிந்த உபதேசியார் ஒருவருக்குச் சாமுவேல் பவுல் செய்த உரைநடை மொழிபெயர்ப்பு எட்டியிருக்கும். விருத்தங்கள் எளிதில் எட்டியிருக்கமாட்டா. பாத்திரம் அடைப்பவனின் நூல் புலவரவைக்குப் போயிற்று எனலாம்.

எனினும் இவ்விடத்தில் நின்று விடுதல் விமர்சனமாகாது. கிருஷ்ணபிள்ளை பனியனில் இல்லாத ஒன்றைச் சேர்த்துள்ளார். குமார பருவத்திலே இயேசுவின் பாடுகளை விரிவாகப் பாடியமையே அது. நூலின் கவித்துவ உச்சம் அப்பகுதி என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. பகைவரைக் கொன்று வெல்பவனே நமது காப்பியத் தலைவன். இங்கு தலைவன் கட்டுண்டு, அறையுண்டு, இழிகுற்றவாளியின் சாவை ஏற்று, அறைந்தவருக்காக வேண்டி நிற்கின்றான். கம்பனின் இராமனும் அரசு துறந்து கானகம் செல்கையில் மலர்ந்த முகத்தினனே. ஆனால் அப்பொறுமைக்குப் பின்னே கோதண்டம் உள்ளது. கோதண்டமற்ற பொறுமையைக் காப்பிய வீரமாக்கியமை தமிழ்ச் செய்யுள் மரபிலே குறிப்பிடத்தக்க திருப்பமாகும். இகழப்பட்டவனின் உடல் வழிபாட்டுக்குரிய அழகைப் பெறுகின்றது.

ஆனால் அத்திருப்பத்திற்கு ஒரு விலையும் உண்டு. பனியனில் வாசகன் செய்ய வேண்டியதாயிருந்த குணம், யாத்திரிகத்திற் கண்டு உருக வேண்டியதாகின்றது. வாயாடியின் வேலைக்காரன் அளித்த சாட்சியத்தின் இடத்தைப் பக்தனின் கண்ணீர் எடுத்துக்கொள்கின்றது. நற்குணம் நடைமுறையிலிருந்து பாவத்துக்கு, அதாவது மெய்ப்பாட்டுக்கு, இடம் பெயர்கின்றது. உயர்குடியிற் பிறந்து மதம் மாறியமையாற் சுற்றத்தின் வெறுப்பைத் தாங்க நேர்ந்த ஒரு கல்விமானுக்கு இது இயல்பான வழியே. அவர் தாம் துறந்த உலகின் மிக உயர்ந்த பொருளாகிய காப்பிய மொழியைப் புதிய இறைவனின் காலடியில் வைத்தார். அவ்வர்ப்பணம் உண்மையானது. வைத்த பொருளோ ஒரு வகுப்பாரின் உடைமை.

6

குணம் நடைமுறையில் எங்கே சோதிக்கப்பட்டது என்பதற்குத் தமிழ்க் கிறிஸ்தவ வரலாறே ஒரு சான்று தருகின்றது. தென்னிந்தியப் புரட்டஸ்தாந்து சபைகளில் வேளாளரும் ஒடுக்கப்பட்டோரும் தனித்தனியே அமர்வதும், திருவிருந்துக் கிண்ணத்தில் முன்னவர் முதலிற் பருகுவதும் நெடுநாள் வழக்கு. ஆயர் டானியல் வில்சன் 1833இல் இவ்வேறுபாடுகளை நீக்குமாறு கட்டளையிட்டபோது, வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் வேளாளக் கிறிஸ்தவர் பலர் சபையை விட்டு விலகினர். கிறிஸ்தவ இசைக்கும் கவிதைக்கும் பெரும்பணி ஆற்றிய வேதநாயக சாஸ்திரியாரும் (1774-1864) சாதியாசாரத்தின் பக்கமே நின்று எழுதினார். தாழ்மையைப் பாட முடிந்தது. ஒரே கிண்ணத்திற் பருக முடியவில்லை. பனியனின் கிறிஸ்தியான் அங்கு வந்திருந்தாற் பாடல்களைக் கேட்டிருக்க மாட்டான். கிண்ணத்தில் இரண்டாவதாகப் பருகுபவனிடம் விசாரித்திருப்பான்.

யாழ்ப்பாணத்திலும் கிண்ணத்தின் கதை தொடர்ந்தது. 1966 தொடக்கம் 1960களின் இறுதி வரை நடைபெற்ற தீண்டாமைக்கு எதிரான போராட்டங்கள் கோயில் வாசலையும் தேநீர்க்கடையையும் களமாகக் கொண்டன. எல்லோருக்கும் ஒரே கோப்பை என்பதே கடைகளில் எழுந்த கோரிக்கை. அப்போராட்டங்களின் உலகைக் கே. டானியல் தமது 'பஞ்சமர்' (1972) முதலாய நாவல்களிற் பதித்தார். அங்கு பொறுமை இகழப்படவில்லை. அது எவருக்காகப் பொறுக்கப்பட்டதோ அவரிடமிருந்து மீட்கப்படுகின்றது. அடி வாங்கியும் கடை வாசலை விட்டு அகலாத இளைஞனின் பொறுமை, காவலப்பனிடம் எதிர்பார்க்கப்பட்ட பொறுமையன்று. அது பெட்போர்ட் சிறையின் பொறுமைக்கு உறவானது.

இங்கிருந்து நமது விமர்சன மரபுக்கு ஒரு படிப்பினை கிடைக்கின்றது. சமயத்தை அபின் என்ற மார்க்ஸ், அதே பந்தியில் அதனைத் துன்பத்தின் வெளிப்பாடாகவும் துன்பத்துக்கு எதிரான கண்டனமாகவும் கூறியதை நாம் அடிக்கடி மறந்து விடுகிறோம். 'இரட்சணிய யாத்திரிகம்' நூலுருப்பெற்ற அதே 1894இல் ஏங்கல்ஸ் ஆதிக் கிறிஸ்தவம் பற்றிய கட்டுரையை வெளியிட்டு, அதற்கும் நவீன தொழிலாளர் இயக்கத்துக்கும் உள்ள ஒப்புமைகளை ஆராய்ந்தார். அவர்கள் செய்த வேறுபாடுகளைச் செய்ய நாம் தயங்கினோம். பொறுமை என்ற சொல்லைக் கண்டவுடன் அடிமைத்தனம் என்று எழுதினோம். அதனால் ஹன்னா மோரையும் பனியனையும் ஒரே பையிலிட்டுக் கட்டினோம்; தமக்குரிய பனியனை ஒடுக்கப்பட்டோரிடமிருந்து நாமும் ஒருமுறை பறித்தோம். இத்தவறு வெறும் இலக்கியத் தவறன்று. நமது கிராமங்களிலே உண்மையும் தயையும் பொறுமையும் கொண்டு வாழ்ந்த கிறிஸ்தவ உழைப்பாளரிடம் சென்று, உமது குணங்கள் யாவும் மயக்கம் என்று கூறியமையால், அவர்கள் நம்மோடு சேர்ந்து நடக்கக்கூடிய வழியை அடைத்தோம்.

இனி வரும் ஆய்வாளர் கிறிஸ்தவத் தமிழ் நூலொன்றை எடுக்கும்போது அதன் யாப்பையும் சொல்லாட்சியையும் ஆராயட்டும். அதனை அச்சிட்ட மிசனின் நோக்கத்தையும் ஆராயட்டும். அவற்றுடன் ஒன்றையும் கேட்கட்டும்: இந்நூல் போற்றும் குணத்துக்குச் சாட்சி சொல்ல நூலாசிரியர் யாரை அழைக்கின்றார்? எசமானையா, புலவரவையையா, அல்லது வீட்டு வேலைக்காரனையா? அவ்விடையைப் பொறுத்தே அந்நூலின் பக்கம் தெளிவாகும்.